பத்து மூடிகளும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

அரைச்சுற்றுக்காரி என்று கேட்டால் அந்தத் தெருவில் யாரானாலும் வழி காட்டுவார்கள். எந்த போல்ட்டையும் ஒரே மூச்சில் கழற்றாமல், இதில் அரைச் சுற்று, அடுத்ததில் அரைச் சுற்று என்று போகிற கார் மெக்கானிக் அவள். ஒருமுறை போல்ட்டைத் திருப்பும்போதே தூங்கிப்போய், மூன்று நாள் கழித்து விழித்து, விட்ட இடத்திலிருந்து மீதியைத் திருப்பினாளாம். மூன்று நாள் என்பதெல்லாம் ஊரார் கட்டிவிட்டது. இரண்டரை நாள்தான்.

நீளமான கூடம் ஒன்று. ஒரு பாதி அவளுடைய பட்டறை. மறு பாதியில் அவள் கணவர் தையல் மிஷின் ஓட்டினார். இந்தப் பக்கம் கிரீஸ், அந்தப் பக்கம் வெள்ளைத் துணி, நடுவே ஒரு திரை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தையல்காரர் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொட்டதில்லை.

அன்று பட்டறையில் நின்றது நாத்தனாரின் கார். நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, மருத்துவச்சி. மலைக்கு அந்தப்புறம் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். மாலைக்குள் போய்ச் சேரவேண்டும், போக வேறு வண்டி கிடையாது. எஞ்சின் ஒரு வாரமாக, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிறமாதிரி டக்டக் என்றது.

"அண்ணி, வால்வ அமுக்கற டேப்பட் ஒண்ணுல தகடு தேஞ்சிருக்கு. மேல இருக்கற ரெண்டு கேம்ஷாஃப்டையும் கழட்டினாத்தான் கை போகும்."

"எதையாவது கழட்டு. நாலு மணிக்கு வண்டி வேணும். குழந்தை உன்னமாதிரி அரைச்சுத்து அரைச்சுத்தா வெளிய வராது."

கேம்ஷாஃப்ட் தண்டுகளைச் சுழற்றும் சங்கிலியில் அடையாளம் வைத்துவிட்டு, இரு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி போல்ட்டுகளைத் தளர்த்தினாள். ஒவ்வொரு தண்டும் ஐந்து இருக்கைகளில் படுத்திருக்கும். ஒவ்வோர் இருக்கைக்கும் மேலே ஒரு மூடி. அந்தந்த மூடி அந்தந்த இருக்கைக்கென்றே கடையப்பட்டது. இடம் மாறினால் தண்டைப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது பிடித்தால் மலைப்பாதையில் எஞ்சின் நின்றுபோகும்.

பழைய வண்டி, மூடிகளின் மேலிருந்த எண்கள் எப்போதோ தேய்ந்துவிட்டன. வழக்கமாக உளியால் புள்ளி குத்தி வைப்பாள். அன்று உளி கண்ணில் படவில்லை. திரைக்கு அந்தப்புறம் கைவிட்டு, துணியில் கோடு போடும் நீல மெழுகுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, ஒன்று முதல் பத்து வரை எழுதினாள். எண்தான் இருக்கிறதே என்ற தெம்பில் பத்தையும் ஒரு தகரத் தட்டில் குவித்து, தன் மேசையில் இடமில்லாததால் இஸ்திரி மேசை ஓரத்தில் வைத்தாள்.

பிறகு தண்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முட்டைவடிவ மேடுகள் வரிசையாக மின்னின. மெல்ல உருட்டினால், ஒரே படுக்கையில் கிடக்கும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் புரண்டு படுப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு மேட்டையும் மைக்ரோமீட்டரில் அளந்தாள். தேய்மானம் இல்லை. இந்த மேடுகள் இப்படிப் புரண்டு புரண்டு நாத்தனாரை எத்தனை வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கும்! எத்தனை முதல் அழுகை! தண்டு உருண்டது, கூடமும் ஜன்னலும் வெயிலும் கூடவே உருண்டன. அந்த நினைப்பிலிருந்து அவள் திரும்பி வந்தபோது மணி ஒன்று.

மூடிகளை எடுக்கப் போனாள். தட்டில் அவற்றின் மேல், சுடச்சுட, இஸ்திரிப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

"ஏங்க! இத யாரு இங்க வெச்சது?"

"நான்தான். மேசை கருகுது. உலோகத்து மேலதானே வெச்சேன், உன் சொத்தா உருகிடும்?"

சொத்து உருகவில்லை, எண்கள் உருகிவிட்டன. சூடு பட்டால் மறைந்துபோகத்தானே அந்தச் சாக்பீஸ் செய்கிறார்கள்! பத்து மூடியும் பத்துப் பிள்ளைகள் ஒரே சட்டை போட்டமாதிரி நின்றன.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. மலைக்கு அந்தப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கும் முகம் தெரியாத அந்தப் பெண்தான் கண்ணில் நின்றாள்.

தையல்காரர் ஒரு மூடியை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தார். "உள்பக்கம் கோடு கோடா இருக்கே. இது என்ன?"

"தண்டு சுத்திச் சுத்தி விழுந்த கீறல்."

"கீழ்ப்பாதியிலயும் இதே கோடு இருக்குமா?"

"இருக்கும், தொடர்ச்சியா..." என்றவள் நிறுத்தினாள்.

"அப்ப நகரு. கட்டம் போட்ட துணியில பை வெச்சுத் தைக்கறவன் நான். கோட்டுக்குக் கோடு சேராம இதுவரைக்கும் ஒரு சட்டை வெளிய போனதில்ல."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரையைத் தாண்டினார். குனிந்தார், நிமிர்ந்தார், மூக்கில் கிரீஸ் பூசிக்கொண்டார். முக்கால் மணி நேரத்தில் பத்தும் உட்கார்ந்தன. தடையில்லாமல் சுழல்கிறதா என்று பார்க்க, டேப்பட்டுகளை வெளியே வைத்தபடியே எண்ணெய் தடவி, தண்டுகளைப் படுக்கவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்கினாள். விரலால் சுழற்றினாள். ஒன்று தண்ணீராய்ச் சுழன்றது. மற்றொன்று பிடித்தது.

"நாலாவது மூடி முன்னுக்குப் பின்னா இருக்கு" என்றாள்.

"காலரத் திருப்பி வெச்சுட்டேன் போல" என்றார் அவர், வெட்கத்தோடு.

திருப்பி வைத்ததும் அதுவும் சுழன்றது. மறுபடி எல்லாம் கழற்றி, புதுத் தகட்டோடு டேப்பட்டுகளை இறக்கி, தண்டுகளைப் பூட்டி, சங்கிலியின் அடையாளத்தைச் சேர்த்தாள். சாவியைத் தொடாமல் எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினாள். எங்கும் தடுக்கவில்லை.

நாலே கால். நாத்தனார் வந்து தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "டேய், என்னடா இது, அடுப்புக்குள்ள விழுந்தியா?" பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பினாள். தட்டல் இல்லை. வண்டி தெருமுனை திரும்பியபின்னும் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஏழு மணிக்குப் போன் வந்தது.

"பொண்ணு. நல்லாக் கத்துது."

"அண்ணி, வண்டி எப்படிப் போச்சு?"

"வண்டியா? அந்த நினைப்பே வரலடி. வழியெல்லாம் அந்தப் பிள்ளத்தாச்சிப் பொண்ண நினைச்சுக்கிட்டே போயிட்டேன்."

தையல்காரர் சோப்பு நுரைக் கையோடு எட்டிப் பார்த்தார். "என்ன சொல்றா?"

"வண்டி ஞாபகமே வரலியாம்."

"நல்லாத் தைச்ச சட்டையும் அப்படித்தான். போட்டிருக்கறதே தெரியாது."

அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கண் திறந்திருந்தது, ஆள் மட்டும் மலைக்கு அந்தப்புறம் போய்விட்டிருந்தாள்.