தும்மலும் இரண்டு போல்ட்டும்

அந்த விடுதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வரவேற்பு மேசையில் நிற்பவர்களிலிருந்து பாத்திரம் கழுவுகிறவர்கள் வரைக்கும் எல்லோருக்கும் அவள் போல்ட்டக்கா. முதலாளி மட்டும் ‘மேடம்’ என்பார், அதுவும் முகத்துக்கு நேரே. மற்ற பெண்கள் கைப்பையில் சீப்பு வைத்திருக்கும் இடத்தில் அவள் ஒரு சின்ன ஸ்பேனர் வைத்திருந்தாள். கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவர்கள் உண்டு. அவள் அதை உலுக்கிக்கொண்டு இறங்குவாள். பதினான்கு மாடியிலும் சுவரில் தொங்குகிற டிவி, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஏசிப் பெட்டி, குளியலறைக் கண்ணாடி என்று எதையும் அவள் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. பராமரிப்பு மேற்பார்வையாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. அட்டை என்ன சொன்னாலும் அவள் பார்த்த வேலை அதுதான்: எது விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது.

அவளிடம் ஒரு ஃபைல் இருந்தது. இரண்டு பக்கமும் தெரிகிற பிளாஸ்டிக் உறைகள் வைத்த ஃபைல். செய்தித்தாளில் ‘விநோத மரணம்’, ‘விசித்திர விபத்து’ என்று எது வந்தாலும் வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, உறையில் போடுவாள். மாவு பிசையும் இயந்திரம் துப்பட்டாவை இழுத்துக்கொண்டதில் செத்த ரொட்டிக்கடைக்காரி. குளிர்பதன அறைக்குள் மாட்டிக்கொண்ட சமையல்காரர். அலமாரியின் கீழ் இழுப்பறையில் ஏறி நின்று, மேல்தட்டுப் பெட்டியை எடுக்கப் போய், அலமாரியோடு சாய்ந்த கணக்காசிரியர். படிப்பவர்கள் ‘அட’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அவளுக்கு அங்கேதான் வேலை தொடங்கும். பஸ் போகிற தூரமாக இருந்தால் நேரில் போவாள், இல்லாவிட்டால் யாரையாவது பிடித்து ஃபோனில் விசாரிப்பாள். தெரிந்துகொண்டதைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதுவாள். ‘இயந்திரத்துக்கு மூடி இருந்தது. கழற்றி மாடியில் வைத்திருந்தார்கள்.’ ‘உள்பக்கக் கைப்பிடி உடைந்து ஏழு மாதம்.’ ‘அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகவில்லை.’

எல்லாவற்றுக்கும் பின்பக்கம் கிடைத்துவிடவில்லை. வெட்டவெளியில் இடி விழுந்து இறந்தவன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுபோனவள் என்று பதினாறு தாள்கள் காலியாகவே இருந்தன. அவற்றை அவள் தூக்கிப் போடவுமில்லை, இட்டுக்கட்டி எழுதவுமில்லை.

ஃபைலின் முதல் உறையில் இருந்தது அவள் கணவர். ஒரு கிடங்கில் காவலாளி. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், தினமும் தள்ளுகிற இரும்புக் கதவைத் தள்ளினார், அது அவர் மேலேயே சாய்ந்தது. ‘திறந்த கதவே எமனானது: விநோத விபத்து’ என்று நான்கு வரி. கிடங்கு மேனேஜர், அவரவர் தலையெழுத்து என்றார். நான்காம் நாள் அவள் போய்ப் பார்த்தாள். தள்ளுகதவு என்பது தரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடுவது. கோடியில் ஒரு இரும்புத் துண்டு, ஸ்டாப்பர் என்பார்கள், அது இருந்தால் கதவு முட்டி நிற்கும். இல்லாவிட்டால் மேலே தாங்கிப் பிடிக்கிற கம்பத்தைத் தாண்டி ஓடிப்போய்ச் சாய்ந்துவிடும். அங்கே ஸ்டாப்பர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. ஒன்றில் சிலந்தி ஒன்று வலை பின்னிக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது. தலையெழுத்துக்குள் சிலந்தி எப்படிக் கூடு கட்டும் என்று அவள் மேனேஜரிடம் கேட்டாள்.

அன்றைக்கு அவளோடு துணைக்குப் போனது அவள் தம்பி. அப்போது வெல்டிங் பட்டறையில் எடுபிடி. அக்கா அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்ததை அவனும் பார்த்தான். பிற்பாடு சொந்தப் பட்டறை போட்டபோது தள்ளுகதவுதான் செய்வேன் என்று அடம்பிடித்தான். தன் கதவு சாகும்வரை சாயாது என்று வருகிறவர்களிடமெல்லாம் மார்தட்டுவான். ஒவ்வொரு கதவின் கீழ்மூலையிலும் மூன்று வெல்டிங் புள்ளி வைப்பான், அது அவன் கையெழுத்து.

இந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. ‘தும்மியதும் விழுந்த கதவு: அச்சகத் தொழிலாளி விநோத மரணம்.’ காலையில் முதல் ஆளாக வந்த புத்தக பைண்டர் ஒருவர், கதவைத் தள்ளும்போது பலமாகத் தும்மினாராம், கதவு அவர் மேல் சாய்ந்துவிட்டதாம். எதிர்க் கடைக்காரர் பார்த்துச் சொன்னது. சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் ஃபோனில் அதே பேச்சு. விடுதி லிஃப்டில்கூட ஒருவன் தும்ம, கூட இருந்தவன் கதவைப் பிடித்துக்கொள்கிற மாதிரி நடித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் இரண்டாம் மாடியிலேயே இறங்கிவிட்டான்.

வார விடுமுறையில் பஸ் ஏறி அந்த அச்சகத்துக்குப் போனாள். காவலுக்கு இருந்தவர் அலுத்துக்கொண்டார், “தும்மல் கதவுதானே? போய்ப் பாருங்க. காலைலேருந்து நீங்க ஒன்பதாவது ஆளு. போட்டோ எடுத்தா என்னைச் சேர்க்காதீங்க.”

கதவைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். புதுப்பச்சை. அவள் குனிந்து கீழ்மூலையைப் பார்த்தாள். பெயிண்டுக்கு அடியில் மூன்று புள்ளி.

மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து, தண்டவாளத்தின் கோடிக்கு நடந்தாள். இரண்டு ஓட்டை. பக்கத்துக் கம்பத்தில் இடுப்புயரத்தில் கைமுட்டி அளவுக்கு ஒரு புடைப்பு, அதுவும் பச்சை. குளவிக்கூடோ என்றுதான் முதலில் நினைத்தாள். ஸ்பேனர் முனையால் சுரண்டினாள். பெயிண்ட் தோலாக உரிந்தது. உள்ளே பிளாஸ்டிக் பை, சணல் கயிறு. பைக்குள் உள்ளங்கை அளவு இரும்புத் துண்டும், எண்ணெய்ப் பளபளப்புகூடப் போகாத இரண்டு போல்ட்டும்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவின் அடிப்பக்கத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் கோடி வழியாக உருட்டி வெளியே எடுக்கவேண்டும். அதனால் ஸ்டாப்பர் கடைசியில்தான் வரும். தொடக்கத்தில் தம்பி பெயிண்ட் காய்ந்ததும் தானே போய் மாட்டிவிட்டு வருவான். வேலை பெருகியதும் பொட்டலம் கட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டு, பெயிண்டரிடம் சொல்லிவிட்டு வரும் பழக்கம் வந்தது. இந்தப் பெயிண்டர் கம்பத்துக்கு அடித்த கையோடு பொட்டலத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருக்கிறான்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். நேரே பட்டறை. மேசையில் வைத்தாள்.

“உன் பொட்டலம்தான். நீயே பிரி.”

தம்பி பிரிக்கவில்லை. பேப்பரில் அச்சகத்தின் படத்தைப் பார்த்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவன் மனைவி பின்னால் நின்று சொன்னாள்.

“பெயிண்டர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன்கா.”

“சொன்ன. மாட்டினியா?”

அவன் தலை குனிந்தான். போலீஸே விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள், அச்சக முதலாளிகூடத் தன் பெயரைக் கேட்கவில்லை என்று என்னென்னவோ சொன்னான். கடைசியில் வந்தது மனதில் இருந்தது.

“இதையும் காலியா விட்டுடேன்கா. ஏற்கெனவே பதினாறு காலியாத்தானே இருக்கு. பதினேழாவதா இருந்துட்டுப் போகட்டும்.”

“அது தெரியாததால காலி. தெரிஞ்சுக்கிட்டே விட்டா, அந்தக் கிடங்கு மேனேஜர் பண்ணினதும் இதுவும் ஒண்ணுதான்.”

தம்பி மனைவிக்குப் பொறுக்கவில்லை. “அண்ணி, நீங்க இவருக்குக் கூடப் பிறந்தவங்களா, இல்ல பேப்பர்காரங்களா? இவரு உள்ள போயிட்டா யாரு இந்தப் பட்டறையப் பாக்கறது?”

“கூடப் பிறந்தவங்கிறதாலதான் முதல்ல இங்க வந்தேன்,” என்றாள். குரல் உயரவில்லை. தம்பியைப் பார்த்துக் கேட்டாள், “இதுவரைக்கும் எத்தனை கதவு போட்டிருப்ப?”

“ஐம்பத்தேழு.”

“எத்தனைக்கு நீயே ஸ்டாப்பர் மாட்டின?”

விரல் விட்டு எண்ணினான். “முதல் இருபதுக்கு.”

“அப்ப முப்பத்தேழு கதவு. ஒண்ணு விழுந்தாச்சு. நாளைக்குக் காலைல மீதி முப்பத்தாறையும் யாராவது தள்ளுவாங்க. ஒருத்தருக்கும் தும்மல் வராதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

அவன் எழுந்துவிட்டான். வெல்டிங் பெட்டியை வண்டியில் ஏற்றியவன் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் முதலில் போவதா என்று கேட்டான். உயிரோடிருக்கிறவர்கள் முதலில் என்றாள். செத்தவருக்குச் செய்யவேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் கதவு அவருக்காகக் காத்திருக்கவில்லை, இன்னொருவருக்காகக் காத்திருக்கிறது.

அச்சகக் கதவு போக மீதி முப்பத்தாறுக்கும் ஒன்பது நாள் ஆயிற்று. விடுதியில் கேட்காமலே விடுப்புக் கொடுத்தார்கள், அவள் ஒரு நாள்கூட எடுக்காமல் சேர்ந்து கிடந்த விடுப்பு. எட்டு இடத்தில் ஸ்டாப்பர் இல்லை. மருந்துக் கிடங்கு ஒன்றில் பொட்டலம் கட்டியது கட்டியபடி தொங்கியது. ஒரு வீட்டில் பெரியவர் அந்த இரும்புத் துண்டைக் கொட்டை உடைக்க வைத்திருந்தார், வாங்கியபோது கொஞ்சம் வருத்தப்பட்டார். ஒரு மழலையர் பள்ளியில் பொட்டலமும் இல்லை, போல்ட்டும் இல்லை, கதவில் தொற்றிக்கொண்டு நான்கு பிள்ளைகள் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு அங்கே மட்டும் வண்டியிலிருந்து இறங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அவள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். அவன் வேலை முடிக்கும்வரை நகரவில்லை. இந்தத் தடவை அவன் போல்ட்டோடு நிறுத்தவில்லை, எல்லாவற்றையும் பற்றவைத்தான். பெயிண்ட் கருகினால் கருகட்டும்.

பத்தாம் நாள் போலீஸ் ஸ்டேஷன். மூடிய வழக்கைத் திறக்கச் சொல்லி வந்தவனை அந்த அதிகாரி அதுவரை பார்த்ததில்லை, உட்காரச் சொல்வதா நிற்கச் சொல்வதா என்று அவருக்கே குழப்பம். வழக்கு இன்னும் நடக்கிறது. தம்பி வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்கிறான். பட்டறையும் நடக்கிறது, தம்பி மனைவியும் அண்ணியிடம் பேச ஆரம்பித்துவிட்டாள், அவசியத்துக்கு மட்டும்.

ஸ்டேஷனிலிருந்து நேரே பைண்டர் வீட்டுக்குப் போனார்கள். முன்னறை முழுக்க மடித்த தாள்கள் அடுக்கியிருந்தன. அவர் மனைவியும் வீட்டிலிருந்தே அச்சகத்துக்குத் தாள் மடித்துக் கொடுக்கிறவள். மகள் பத்து நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. வகுப்பில் அவள் நுழைந்தால் யாராவது தும்முகிறார்களாம்.

தம்பி உட்காரவில்லை. சொல்ல வேண்டியதை வண்டியில் வரும்போதே பலதடவை சொல்லிப் பார்த்திருந்தான், ஆனால் வாயில் வந்தது அதில் பாதிதான்.

“அந்தக் கதவு நான் போட்டதும்மா. அவரு தும்மினதால விழல. கோடியில ஒரு துண்டு மாட்டணும். மாட்டாம வந்துட்டேன்.”

பைண்டர் மனைவி மடித்துக்கொண்டிருந்த தாளை மடித்து முடித்தாள். நகத்தால் மடிப்பை அழுத்தி நீவினாள். அவனைத் திட்டுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

“காகிதத் தூசி,” என்றாள். “இருபத்திரண்டு வருஷமா தினமும் காலைல தும்முவாரு. பத்துத் தும்மலுக்குக் குறைஞ்சு நான் கேட்டதில்ல. ஒரு கதவும் விழுந்ததில்ல. இதைத்தான் வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். யாரும் எழுதிக்கல.” பிறகு அவனை நேராகப் பார்த்தாள். “உன்னை நான் மன்னிக்கல. அதைக் கேட்டுடாத.”

“கேக்கலம்மா.”

“அந்தத் துண்டு இப்ப இருக்கா?”

பச்சைப் பொட்டலத்திலிருந்த அதே துண்டை அதே ஓட்டைகளில் மாட்டிப் பற்றவைத்து அன்றோடு ஒன்பது நாள். முதலில் செய்த கதவு அதுதான். தம்பி அதைச் சொன்னதும், நான் பார்க்கவேண்டும் என்றாள்.

மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள், எதிர்க் கடைக்காரரும் வந்தார். போல்ட்டக்கா வழக்கம்போல ஒரு தடவை கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பைண்டர் மனைவி இரண்டு கையாலும், கோபத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து தள்ளினாள். கதவு கடகடவென்று ஓடி, கோடியில் டங்கென்று முட்டி நின்றது. இழுத்துவிட்டு மறுபடியும் தள்ளினாள். டங். மூன்றாவது தடவை மகள் தள்ளினாள்.

எதிர்க் கடைக்காரர் மெல்லக் கேட்டார், “அப்ப தும்மலால இல்லையா?”

“அந்தப் பேச்சை இத்தோட விட்டுடுங்க,” என்றாள் அந்தப் பெண், பதின்மூன்று வயசுக்கு மிகத் தெளிவாக. அவர் கடைக்குத் திரும்பிப் போனார்.

போல்ட்டக்கா கைப்பையிலிருந்து அந்தத் தும்மல் செய்தியை ஒட்டிய தாளை எடுத்து, பின்பக்கம் தெரியச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் பென்சிலை நீட்டினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஃபைலில் வேறு யாரும் எழுதியதில்லை. அவன் எழுத்து பெரிது பெரிதாக, கோணல்மாணலாக இருக்கும். ‘ஸ்டாப்பர் பொட்டலத்திலேயே இருந்தது. மாட்டவேண்டியவன் நான்.’ கீழே, கையெழுத்துப் போடுகிற இடத்தில், மூன்று புள்ளி வைத்தான்.

அவள் படித்துப் பார்த்து உறைக்குள் போட்டாள். மகள் இன்னும் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.