மின்விசிறிக் காற்று

வாசனைத் திரவியக் கடையில் பன்னிரண்டு வருடமாக நிற்கும் பெரியக்காவுக்கு, வேலைக்கு வந்து ஒரு மாதமே ஆன புதுப்பெண்ணைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. வெட்டிய புல்லைப் போல லேசாக மணக்கும் பச்சை பாட்டிலை, தினமும் போடலாம் என்று தொண்டை வற்றச் சொல்லி, அட்டைத்துண்டில் அடித்து நீட்டுவது பெரியக்கா. வந்தவர்களோ முகர்ந்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்து, "நீ போட்டிருக்கியே, அதையே குடும்மா" என்று புதுப்பெண்ணிடம் வாங்கிப் போனார்கள். பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் கேட்டே விட்டாள். "சாம்பிள் பாட்டிலை எடுத்துத் திருட்டுத்தனமா அடிச்சுக்கிறியா?"

"நான் எதுவுமே போடலைக்கா. நீங்க அடிக்கிறதெல்லாம் ஃபேன் காத்துல என் மேலதான் வந்து விழுது. வீட்டுக்குப் போனா எங்க வீட்டுக்காரர் தும்முறார்."

மறுநாள் கடை திறந்ததும் பெரியக்கா மின்விசிறியைத் தூக்கிப்போய் எதிர்ப்பக்கம் வைத்து, தன்னைப் பார்க்கத் திருப்பினாள். மதியத்துக்குள் அவள் தலை முதல் கால் வரை வெட்டிய புல்லாக மணந்தாள். அப்போது வாடிக்கையாக வரும் அம்மாள் ஒருத்தி உள்ளே வந்தாள். பெரியக்காவைத் தாண்டி நேரே புதுப்பெண்ணிடம் போய் நின்றாள்.

"ஏம்மா, இன்னைக்கு நீ எதுவும் போட்டுக்கலையே, உடம்பு சரியில்லையா?"