ஜாக்கியில் நின்று ஓடிய பிக்அப்

செங் ஊர்ப் பட்டறையில் வண்டி பழுதுபார்க்கும் போமன் சின்ன ஸ்பேனரைப் பென்சில்போலக் காதில் செருகியிருப்பார். அப்பா செர்காம் கடற்கரையில் மீன் ஏற்றும் பழைய பிக்அப், ஸ்டேரிங் லூசாகி ரோட்டில் அலைந்தது. போமன் தேய்ந்த மூட்டுகளை மாற்றிக் கொடுத்தார். அரை மணியில் அப்பா திரும்பி வந்தார்.

"என்னா தம்பி, இப்பதான் கோணலா போவுது! நாளைக்கு மீன் ஏத்தணும் லா!"

போமன் ஓட்டினார், நேராகப் போனது.

"வண்டி சரியாயிருச்சுண்ணே. பத்து வருசமா இழுத்துப் புடிச்ச கைதான் இன்னும் ஆடுது."

முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, அப்பாவை உள்ளே உட்காரவைத்தார். "கைய ஆட்டாம ஓட்டுங்க."

அப்பா வேர்க்க விறுவிறுக்க ஓட்டினார். திடீரென்று இடப்பக்கம் சிக்னல் போட்டார். அங்கே நின்ற போமன் சிரிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

மறுநாள் அப்பா நேராகத்தான் ஓட்டினார். ஆனால் நகராத வண்டிக்குப் போமன் எதற்காக ஒதுங்கினார் என்பதுதான், டிப்ளோமா படித்த எனக்கு இன்னும் விளங்கவில்லை.