சொந்தக்காரர் கையெழுத்து

ஞானம்மாள் முப்பத்தெட்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செத்துப்போன தங்கையின் மகள் ஏஞ்சலை இரும்புலியூர் வீட்டில் வைத்து வளர்த்து, படிக்கவைத்து, செம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தாள்.

ஓய்வு பெற்றதும் கப்பலில் நூறு நாள் தனியாகச் சுற்றிவர ஆசைப்பட்டாள். மூன்று கம்பெனிகளின் புத்தகங்களை ஒரு மாதம் புரட்டினாள். ஒன்றில் எந்நேரமும் ஆட்டமும் பாட்டும். இன்னொன்றில் தனியாள் அறைக்கு ஜன்னலே இல்லை. மூன்றாவதில் ஜன்னலும் இருந்தது, டாக்டரும் இருந்தார். அதையே முடிவு செய்தாள்.

வழியில் இறந்தால் உடலைப் பெற்றுக்கொள்வதாகச் சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும் என்றது அந்தக் கம்பெனி. ஏஞ்சல் படிவத்தைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏதாவது ஆச்சுன்னா பாடிய வாங்க நான் எந்த நாட்டுக்கு ஓடுறது பெரியம்மா? எனக்கு லீவ் யாரு தருவாங்க?”

“ஒண்ணும் ஆகாதுடி.”

“அப்போ வீட்டை என் பேருக்கு எழுதிட்டுப் போங்க. கையெழுத்து போடுறேன்.”

ஞானம்மாள் படிவத்தை மடித்துக்கொண்டு, அந்தப் புத்தகங்களைத் தந்த தாம்பரம் டிராவல்ஸ் ஆபீசுக்கு நேராகப் போனாள்.

“சார், சொந்தக்காரங்க கையெழுத்து கேக்காத கம்பெனி எது?”

“ஜன்னல் இல்லாத ரூம் பாத்தீங்களே மேடம், அதுதான். ஆனா செத்தா கடல்லயே எறக்கிடலாம்னு நீங்களே எழுதித் தரணும்.”

எழுதித் தந்தாள்.

கப்பல் கிளம்பிய மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ரூக்சார் போன் செய்தாள். “அக்கா, ஏஞ்சல் பூட்ட ஒடைச்சி குடி வந்துட்டா. நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு சொல்றா. உங்க பீரோ, கட்டில்லாம் தெருவுல கீது. இன்னா பண்றது?”

“வேணுங்கிறவங்களை எடுத்துக்கச் சொல்லும்மா” என்றாள் ஞானம்மாள்.

பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்காமல் அழுதாள்.