வெயிலுக்கு இரண்டு சொந்தக்காரர்

என் மூத்த சகோதரி லதீபா ராத்தாவின் கணவர் ஆதம்பாவா மச்சானிடம் யாராவது சுகம் விசாரித்தால், அவர் முதலில் தம் பற்றரிகளின் சுகத்தைத்தான் சொல்வார். "அல்ஹம்துலில்லாஹ், தொண்ணூறில நிக்குது" என்பார். அதை இரத்தத்தில் சீனியின் அளவென்று எண்ணி அவரை வாழ்த்திவிட்டுப் போனவர்களும் உண்டு.

பூவரசங்குளத்துக்கு அப்பால், மின்கம்பங்கள் முடியும் இடத்திலிருந்து வயல்பாதையில் நெடுந்தூரம் உள்ளே இருக்கிறது அவருடைய வீடு. புத்தளத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, வாப்பாவின் காணிக்குத் திரும்பி வந்து கட்டிய வீடு. மின்சாரம் கேட்டுப் பலமுறை அலைந்த பின்னர், "அவங்கள் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி. சூரியன் இண்டுவரைக்கும் எனக்கு லீவு சொல்லேல்லை" என்று அறிவித்து, நான்கு சோலார் பனல்களை வாங்கி வந்தார். கூரையில் குரங்குகள் ஓடுகின்றன என்று சொல்லி, வீட்டின் பின்வளவில் நெஞ்சளவு உயரத்தில் இரும்புச் சட்டம் அடித்து, அவற்றை வரிசையாகப் பொருத்தினார். அறை மூலையில் பற்றரிகள் குடியேறின. இன்வேர்ட்டருக்குச் சுவரில் இடம் கிடைத்தது. அது வரை அங்கே தொங்கிய திருமணப் படம் அலுமாரிக்குள் போனது.

அன்று தொடக்கம் அந்த வீட்டில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பனல்களுக்குக் கிட்ட எவரும் போகக் கூடாது. அரைக்கும் மிக்ஸி, வெயில் உச்சியில் நிற்கும்போது மட்டும் சுழலலாம். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அதைத் தொடுவது பெருங்குற்றம். விடியலில் சுபஹ் தொழுததும் அவர் பழைய சாரத் துணியை நனைத்துக்கொண்டு போய், நான்கு பனல்களையும் துடைப்பார். பெற்ற பிள்ளையின் முகத்தை அவர் ஒரு நாளும் இவ்வளவு பக்குவமாகத் துடைத்ததில்லை என்பது ராத்தாவின் கூற்று. துடைத்தேன் என்பது மச்சானின் கூற்று. இரண்டையும் பதிந்து வைக்கிறேன்.

அந்தப் பிள்ளை முஃப்லிஹா, ஒரே மகள். புத்தளத்தில் ஸஜாத் என்பவரைக் கலியாணம் செய்து அங்கேயே இருந்தாள். தலைப்பிள்ளை வயிற்றில் வந்த செய்தி கிடைத்ததும், பேறுக்கும் அதன் பின் வரும் நாற்பது நாளுக்கும் அவள் தாய்வீட்டுக்கு வரவேண்டும் என்று மச்சான் ஆசைப்பட்டார். ஊருக்குத் திரும்பிக் கட்டிய வீட்டில் ஒரு குழந்தை அழுது அவர் இன்னும் கேட்கவில்லை. ஆனால் மச்சானை அண்ணன் முறையில் 'காக்கா' என்று அழைக்கும் ஸஜாத்தின் தாயார் றிஸானா தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"அனுப்பமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை, காக்கா. இந்த வெக்கையில, பச்சப்புள்ளையோட ஒரு ராவு ஃபான் நிண்டுபோனா என்ன செய்வியள்? நான் ஒரு நாள் வந்து தங்கிப் பாத்திட்டுச் சொல்றன்."

"வாங்கோ, வாங்கோ! ரெண்டு ஃபான் போட்டுக் காட்டுறன்" என்றார் மச்சான். அப்போது வீட்டில் இருந்தது ஒன்று. மற்றதை மறுநாள் போய் வாங்கி வந்தார்.

விசிறி வந்து சேர்ந்த அதே கிழமையில்தான் பற்றரிகள் நிரம்ப மறுத்தன. வெளியில் கல்லும் உருகும் வெயில். உள்ளே ஐம்பதைத் தாண்டாத எண். மச்சான் பற்றரித் தண்ணீரைப் பார்த்தார். வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தார். வவுனியாவிலிருந்து சுகிர்தன் என்ற இளம் மெக்கானிக்கையும் அழைத்தார். அவர் ஒரு பின்னேரம் வந்து ஒவ்வொன்றாய்ச் சோதித்து, "எல்லாம் சரியாத்தான் கிடக்கு, ஐயா" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எஞ்சியது ஒரே தடயம்: காலையில் துடைக்கும்போது ஓரத்துப் பனலில் மெல்லிய மஞ்சள் கறை. காட்டில் ஏதோ மரம் பூத்து அதன் தூள் பறந்து வந்து படிகிறது என்று முடிவுசெய்த மச்சான், எந்த மரம் என்று தேடி இரண்டு நாள் காட்டோரம் திரிந்தார்.

மரம் வீட்டுக்குள் இருந்தது. மகளின் நாற்பதுக்கு ராத்தாவும் ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். பேறு கண்ட பெண்ணுக்குச் சரக்குத்தூள் இடிக்க மஞ்சளும் மல்லியும் மிளகும் நன்றாகக் காயவேண்டும். நிலத்தில் பாய் விரித்தால் கோழி கிளறியது. கோழியைக் கலைத்தால் மயில் வந்தது. பின்வளவில் நெஞ்சளவு உயரத்தில், கை வைக்க முடியாத சூட்டோடு, கணவரே அன்றாடம் துடைத்துவைக்கும் இடத்தைச் சும்மா விட எந்த வீட்டுக்காரிக்கு மனம் வரும்? மச்சானின் மோட்டார்சைக்கிள் வயலுக்குப் போனதும், ஓரத்துப் பனலில் வெள்ளைத் துணியை விரித்து, அவித்து நறுக்கிய மஞ்சளைப் பரப்புவார். அவர் வருவதற்குள் எடுத்துவிடுவார். மூன்று அவருக்கு, ஒன்று தனக்கு என்பது ராத்தாவின் பங்கீடு. நான்கையும் ஒரே வயரில் கோத்திருப்பதால், ஒன்றை மூடினால் மற்றவையும் படுத்துவிடும் என்பதை மச்சான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கிட்டவே போகக் கூடாதவருக்கு எதற்கு விளக்கம்?

சம்பந்தி வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். மச்சான் வாகனத்தை எதிர்கொள்ள வீதிக்குப் போயிருந்தார். மிச்ச மஞ்சளையும் முடித்துவிடலாம் என்று ராத்தா அன்று இரண்டு பனல்களை மூடினார். பிறகு புரியாணிச் சட்டியோடு மல்லுக்கட்டியதில் அதை மறந்தும்போனார்.

சாப்பாடு முடிந்தது. றிஸானா கதிரையில் சாய்ந்திருந்தார். தலைக்கு மேல் இரண்டு விசிறிகள். குசினியில் வத்தகைப்பழச் சாற்றுக்கு மிக்ஸி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்வேர்ட்டர் நீளமாகக் கூவிவிட்டு அடங்கியது. விசிறிகள் மெதுவாகச் சுழன்று நின்றன.

றிஸானா முகட்டைப் பார்த்தார். "காக்கா, இப்ப நிண்டது முதலாவது ஃபானோ, ரெண்டாவதோ?"

மச்சான் பின்வளவுக்கு ஓடினார். நாங்களும் பின்னால் போனோம்.

"லதீபா! இது என்ன?"

"மஞ்சள்."

"மஞ்சள் எண்டு தெரியுது. என்ர பனலில அது என்ன செய்யுது?"

"காயுது."

"நான் காடெல்லாம் பூமரம் தேடித் திரிஞ்சனான், புள்ள!"

"என்னட்டக் கேட்டிருக்கலாமே. இந்த வளவில நீங்க துடைச்சு வச்ச இடம் மட்டும்தான் சுத்தம். வேற எங்க போட?"

மச்சான் பரிதாபமாகச் சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார். மகள் வருவதும் வராததும் அந்த முகத்தில்தான் இருந்தது. றிஸானாவோ ஒரு மஞ்சள் துண்டை எடுத்து முறித்துக்கொண்டிருந்தார். அது படக்கென்று முறிந்தது.

"மச்சி, எத்தனை நாள்ல காஞ்சது?"

"மூண்டே நாள்" என்றார் ராத்தா.

"எங்கட மாடியில ஒரு கிழமை போட்டாலும் இப்பிடி முறியாது."

துணி அகன்றது, பின்னேர வெயில் பனல்களில் விழுந்தது, விசிறிகள் எழுந்தன. அன்றிரவு அந்த வீட்டில் ஒரு பல்பும் எரியவில்லை. எல்லாரும் கைபேசி வெளிச்சத்தில் நடமாடினோம். என் கைபேசியைச் சார்ஜ் செய்யவும் அனுமதி கிடைக்கவில்லை. விசிறிகள் மட்டும் நிற்கவில்லை.

விடிந்ததும் றிஸானா தம் முடிவைச் சொன்னார்: "நடுச்சாமத்தில குளிருது எண்டு போர்வை தேடினனான். மருமகளை அனுப்புறன், காக்கா. ஆனா மஞ்சளுக்கு வேற இடம் பாருங்கோ. புள்ளைக்குக் காத்தும் வேணும், தாய்க்குச் சரக்கும் வேணும்."

அடுத்த சனிக்கிழமை மச்சான் சுகிர்தனிடம் போய், கண்ணாடி வெடித்துக் கழித்துவிட்ட பனல் ஒன்றை வாங்கி வந்தார். வெடிப்பைப் பசையால் ஒட்டி, அதே வரிசையின் கடைசியில் அதற்கும் ஒரு சட்டம் அடித்தார். அதிலிருந்து எந்த வயரும் போகவில்லை. முஃப்லிஹா வந்து மகனைப் பெற்று நாற்பதும் கழிந்துவிட்டது. அந்தப் பனலில் இப்போது குழந்தையின் துணிகள் காய்கின்றன.

மகள் வந்தது விசிறியாலா, மஞ்சளாலா என்ற விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை. ஆனால் சுபஹுக்குப் பின் மச்சான் ஈரத்துணியோடு போய் ஐந்து பனல்களையும் துடைக்கிறார். ஐந்தாவதை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது லதீபாவின்ர. ஊத்தையாக் கிடந்தா என்ர பக்கம் வந்திடுவா" என்றார்.