மூக்குக்கண்ணாடி இல்லாத ஒரு காலை

எண்பதுகளின் தொடக்கத்தில் கோச்சடை சலூன் ஒன்றில் ஒருவரைப் பார்த்தேன். மூக்கின் இருபுறமும் மூக்குக்கண்ணாடி அழுத்திய தழும்பு. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் காணோம். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த காலண்டர் முதல் பவுடர் டப்பா வரை எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். காத்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரே திரும்பி விளக்கினார்.

"கண்ணுல ஒட்டுற லென்ஸ் புதுசா வாங்கிருக்கேன் சார். ராத்திரி அதோடயே தூங்கிட்டேன். காலையில கழட்டுனா, வெறுங்கண்ணுக்கே எல்லாம் பளிச்சுன்னு தெரியுது! லென்ஸ் அமுக்குனதுல கண்ணோட வளைவு மாறிருச்சாம். டாக்டரு ஏசுனாரு. சாயங்காலம் பழையபடி ஆயிருமாம். அதான் ஓடியாந்தேன். எனக்கு முடி வெட்டுறத நான் பாத்ததே இல்ல!"

நியாயம்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தால்தானே கத்தரி காதோரம் போகும்?

ஒவ்வொரு கற்றை விழும்போதும் "அடடா!" என்றார். முடிவெட்டுபவர் கத்தரியை நிறுத்தினார்.

"இப்படி உத்துப் பாத்தா நான் எப்படிண்ணே வெட்டுறது?"

கடைசியில் முடிவெட்டுபவர் வழக்கம்போல் தலைக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடித்து, "போதுமாண்ணே?" என்றார். உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. மனிதர் திகைத்துப்போய் அதைத் தடவினார்.

"இது எப்ப இருந்து? வழவழன்னு இருக்கே, எண்ணெய்னுல்ல நெனச்சேன்!"

"ரொம்ப நாளா இருக்குண்ணே. நானும் மாசாமாசம் காட்டுறேன். நீங்கதான் அருமைன்னு தலையாட்டுறீக."

சலூனே சிரித்தது. அவர்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார்.

அடுத்த மாதமும் அங்கே அவரைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி மடியில் இருந்தது. பின்னால் காட்டிய கண்ணாடியைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "அருமை!" என்றார். அந்தத் திருப்தி, எல்லாம் நன்றாகத் தெரிகிற எனக்கு எந்தச் சலூனிலும் கிடைத்ததில்லை.