அல்மூட் கண்ட எக்ஸ்ரே புள்ளி

என் தங்கை அல்மூட் நட்சத்திரங்களை ஆராய்ந்தவள். யேனா நகருக்குப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. அப்பா பால்வண்டி ஓட்டினார். நான் பத்தாவதோடு குளியலறைகளுக்கு ஓடு பதிக்கப் போய்விட்டேன். எங்கள் குடும்பத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். இதைச் சொல்லாமல் நான் எந்த வீட்டிலும் வேலையை முடித்ததில்லை.

சூரியனைவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம் உருவாகும்போது, தான் விழுங்கும் வாயுவில் ஒரு பங்கை இரு பக்கமும் பீய்ச்சி அடிக்குமாம். அந்த வாயு எதிரே கிடப்பதில் மோதிக் கொதிக்கும் இடத்தில் எக்ஸ்ரே கிளம்பும். சுற்றியுள்ள தூசியைத் துளைத்துக்கொண்டு அது வெளியே வரும். விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கியில் அதைப் பிடிப்பதுதான் அல்மூட்டின் வேலை. பெரிய நட்சத்திரங்களில் அதைப் பிடித்தவர்கள் மிகக் குறைவு.

எங்கள் நாட்டில் பட்டத்துக்குப் பிறகு சில வருஷம்தான் பல்கலைக்கழகம் ஒருவரை ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளும். அதற்குள் நிரந்தர இடம் கிடைக்காவிட்டால் வெளியே போகவேண்டியதுதான். அவள் துறையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதைப் பிடிக்க அவள் பெயரில் ஒரு கண்டுபிடிப்பு வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பி நேரத்தில் படத்தைக் காட்டினாள். கறுப்பில் சில வெள்ளைப் புள்ளிகள்; அவற்றில் ஒன்றை விரலால் தொட்டாள்.

"இதுக்கா இவ்வளவு பாடுபட்ட? ஈ எச்சம் மாதிரி இருக்கு."

"அந்த ஈதான்ணா எனக்கு வேலை வாங்கித் தரப்போவுது."

"அப்ப எழுதிப் போட வேண்டியதுதானே?"

"முன்னாடி நிக்கிற வேற ஏதாவது குட்டி நட்சத்திரமாவும் இருக்கலாம். அது இல்லேன்னு உறுதியாத் தெரியணும்."

அதைத் தெரிந்துகொள்ளச் சிலியிலுள்ள ஒரு தொலைநோக்கியில் நேரம் கேட்டாள். கிடைத்த இரவுகளில் மேகம். மறுபடி கேட்டுக் காத்திருந்தாள். நட்சத்திரங்களை ஆராய்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கியவருக்கு அது ஒரு வருஷம் மட்டுமே சொந்தம். பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இடையில் போலோனாவில் ஒரு மாநாடு. அல்மூட் தன் படத்தை, வானில் அது இருக்கும் இடத்தையும் குறித்து, சுவரில் மாட்டிவைத்தாள். பெரிய குழு ஒன்றின் தலைவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று கேள்வி கேட்டார். இவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நல்ல மனுஷன்ணா. ரெண்டு தடவை காப்பி வாங்கிக் குடுத்தார்," என்றாள் திரும்பி வந்து.

படம் அவளுக்குச் சொந்தமாக இருந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிந்தது. வெள்ளிக்கிழமையே அந்தக் குழுவின் கட்டுரை வெளிவந்துவிட்டது. முன்கூட்டியே எழுதிவைத்து, படம் பொதுவாகும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். முன்னால் வேறு நட்சத்திரம் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை. 'இருக்க வாய்ப்பில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். கடைசியில், பயனுள்ள உரையாடலுக்காக அல்மூட்டுக்கு நன்றி.

அடுத்த மாதம் சிலியிலிருந்து படம் வந்தது. முன்னால் எதுவும் இல்லை. அவள் புள்ளி சரிதான்.

அதை எடுத்துக்கொண்டு, அந்த நிரந்தர இடத்துக்கு ஆள் எடுக்கவிருந்த பேராசிரியர் வீகண்டிடம் போனாள். அவர் சொன்னதை எங்கள் சமையலறையில் அவரைப் போலவே சொல்லிக் காட்டினாள்: "அவங்க கண்டுபிடிச்சாங்க, நீங்க உறுதிப்படுத்தியிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணு இல்லையே."

அந்த நிரந்தர இடம், அதே கட்டுரையில் மூன்றாவது பெயராக இருந்தவனுக்குப் போனது.

இப்போது அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆலங்கட்டி மழைச் சேதத்தைக் கணக்கிடுகிறாள். போன வசந்தத்தில் அவள் வீட்டில் நான் ஓடு பதித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி மணி அடித்தது. அந்தக் குழுத் தலைவர்தான். அதே நட்சத்திரத்தை மறுபடி படம் எடுத்திருக்கிறார்கள். பின்னணி ஒளியைக் கழிப்பதற்கு அவள் எழுதிய கணினி நிரல் வேண்டுமாம். அல்மூட் மரியாதையாகப் பேசினாள். உடனே அனுப்பியும் விட்டாள்.

"உனக்குப் பைத்தியமாடீ?"

"அனுப்பலேன்னா தப்பாக் கழிப்பாங்க."

"கழிச்சு நாசமாப் போகட்டுமே."

"எனக்கும் அதுதான்ணா ஆசை," என்றாள். "ஆனா வாயு முன்னால போகப் போக அந்தப் புள்ளியும் நகரணும். நகந்திருக்கான்னு எனக்குத் தெரியணும். இனிமே எனக்குன்னு யாரு அதைப் படம் எடுத்துத் தரப்போறா?"

பிறகு ஆலங்கட்டிக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டாள்.